இலை விற்கும் பாட்டிகளின் ஊர்

"இது சாப்பிடறதாடி?"

ஒஸாகா நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு என் பெண்ணை நான் கேட்ட கேள்வி இது. எனக்காக மீன் சேராத சாப்பாடாக முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். டோஃபு, வேக வைத்த பூசணி, கத்தரிக்காய் என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில், சொப்பு வைத்து விளையாடுகிற மாதிரி இத்தனூண்டு இத்தனூண்டு வந்தது. டோஃபுவின் மேல் ஒரு சிவப்பு இலையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பச்சைக் குழந்தை விரல்களை விரித்துக் கையை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு இலை. மேப்பிள் மரத்து இலையாம்.

"ஐயோ, அதைச் சாப்பிடாதேம்மா! அது அழகுக்கு வைக்கிறது. இப்போ இலையுதிர் காலம்னு தட்டைப் பார்த்ததும் தெரியணுமில்லே, அதுக்காக" என்று சிரித்தாள் என் பெண். பிறகு சொன்னாள்: "இந்த இலையைப் பறிச்சு அனுப்பறதுக்குன்னே ஒரு ஊர் இருக்கும்மா. எண்பது வயசுப் பாட்டிங்கதான் அனுப்பறாங்க. அதுல நல்லாவே சம்பாதிக்கிறாங்க."

அவ்வளவுதான், எனக்கு டோஃபு இறங்கவில்லை!

சகோதரிகளே, இலைக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே சம்பந்தம் உண்டு. என் பாட்டி மத்தியான வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து மந்தாரை இலை தைப்பாள். ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி ஒரு வட்டம் முடிய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்கிறீர்கள்? பேச்சு நிற்காது, கையும் நிற்காது. நூறு நூறாகக் கட்டிக் கடைக்காரரிடம் கொடுப்பாள். அந்தக் காசு தாத்தாவின் கைக்குப் போகாது, நேரே முந்தானை முடிச்சுக்குத்தான். எங்களுக்குக் கமர்கட்டு வாங்கக் காசு வந்ததெல்லாம் அந்த முடிச்சிலிருந்துதான்.

நான் ஒஸாகா போனது பேரனைப் பார்த்துக்கொள்ள. பெண் பிரசவ லீவு முடிந்து மறுபடி வேலையில் சேர்ந்த நேரம். மூன்று மாதம் தங்கினேன். திருச்சியில் எங்கள் வீட்டில் எழுபத்தொன்பது வயது மாமியார் இருக்கிறார். அவரை நாத்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தேன். மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரை நான் அடுப்படிப் பக்கம் விடுவதில்லை. "நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று நல்ல மனதோடுதான் சொல்வேன். ஆனால் அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நான் எதுக்குத்தான் இன்னும் இருக்கேனோ?" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். இப்படித் தாங்கு தாங்கென்று தாங்கியும் இந்தப் பேச்சா என்று.

எண்பது வயதில் இலை விற்றுச் சம்பாதிக்கும் பாட்டியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைக்குள்ளே ஓர் ஊர்

நவம்பர் கடைசியில் இரண்டு நாள் லீவு கிடைத்தது. ஒஸாகாவிலிருந்து பஸ். வழியில் ஆகாஷி தொங்கு பாலம் வருகிறது. கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின் மேலே போகிறோம். பேரன் தூங்கிவிட்டான், நான்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவாஜி தீவைத் தாண்டி இன்னொரு பாலம் ஏறி இறங்கினால் ஷிகோகு. ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சின்னது அதுதான். தொகுஷிமா நகரத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஓட்டினார். கட்ஸுரா ஆற்றை ஒட்டியே சாலை மேலே மேலே ஏறுகிறது. கீழ்ப்பக்கம் தோட்டம் தோட்டமாக மஞ்சள் பழங்கள். நம் கமலா ஆரஞ்சு போலத் தோல் கழன்று வரும் மிக்கான் பழம். பிறகு மலைகள் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு வந்தன. ஒரு மணி நேரத்தில் காமிகாட்சு.

ஊர் என்றதும் நான் கடைத்தெரு, கோவில், நாலு வீதி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. மலைச்சரிவில் இங்கே நாலு வீடு, அங்கே பத்து வீடு. நடுவே படிக்கட்டு மாதிரி வயல்கள். ஊரின் பரப்பில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் காடு. 1955-ல் இரண்டு கிராமங்களைச் சேர்த்து இந்த ஊரை உண்டாக்கியபோது ஆறாயிரம் பேருக்கு மேல் இருந்தார்களாம். இப்போது 1,400 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அதிலும் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். சாலையில் நாங்கள் பார்த்த முகங்களில் என் வயதுக்குக் குறைந்த முகமே இரண்டோ மூன்றோதான்.

ஒரு காலத்தில் இங்கேயும் மிக்கான் பழமும் மரம் வெட்டுவதும்தான் பிழைப்பு. வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்க ஆரம்பித்ததும் மரத் தொழில் படுத்தது. மிச்சமிருந்த பழத்தோட்டங்களை 1981 பிப்ரவரியில் வந்த கடுங்குளிர் கொண்டுபோயிற்று. ஊரிலிருந்த மிக்கான் மரங்கள் அநேகமாக எல்லாமே பட்டுப்போயின. பழமரம் மறுபடி வளர்ந்து காய்க்க எத்தனை வருஷமாகும், நினைத்துப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் வேலையில்லாமல் காலையிலேயே குடிக்க உட்கார்ந்துவிடுவார்களாம். பெண்கள் கூடினால் அக்கம்பக்கத்து வீட்டு வம்பு. "என் பிள்ளையாவது இந்த ஊரை விட்டுப் போகட்டும்" என்று பெற்றவர்களே படிக்கும் குழந்தைகளிடம் சொல்லி அனுப்பிய காலம்.

நரிக்கதையும் நிஜமும்

அந்த ஊரின் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆலோசகராக 1979-ல் வந்து சேர்ந்தவர் தோமோஜி யோகோயிஷி. தொகுஷிமா நகரத்துப் பிள்ளை, அப்போது இருபது வயதுதான். குளிர் வந்து எல்லாம் போன பிறகு கீரை, காளான் என்று சீக்கிரம் பலன் தரும் பயிர்களை வைக்கச் சொல்லி ஊரை ஓரளவு நிமிர்த்தினார். ஆனால் வயதான பெண்களால் பெட்டி பெட்டியாகக் காய் சுமக்க முடியாது. அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று அவருக்கு ஓயாத யோசனை.

1986-ல் ஒஸாகாவுக்கு வேலையாகப் போனவர் ஒரு சுஷிக் கடையில் சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்து மேஜையில் சில இளம்பெண்கள். அவர்களில் ஒருத்தி தட்டில் இருந்த மேப்பிள் இலையை எடுத்து, "என்ன அழகு!" என்று சொல்லிக் கைக்குட்டையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாளாம். 'இந்த இலை எங்கள் ஊர் மலையெல்லாம் கொட்டிக் கிடக்கிறதே!' என்று அவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஒஸாகாவில் ஓர் இலையைப் பார்த்து நான் கேட்டதோ 'சாப்பிடலாமா' என்று! அதுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்.

ஊருக்கு வந்து சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஜப்பானியர்களின் பழங்கதைகளில் நரியும், தானுகி என்ற காட்டுப் பிராணியும் இலையைக் காசாக மாற்றி மனிதர்களை ஏமாற்றும். "இலை காசாகறது தானுகி கதையிலேதான்" என்றார்கள். இன்னொரு விஷயமும் இருந்தது. குப்பையைப் பொறுக்கி விற்கிற அளவுக்கு நாம் தாழ்ந்துவிட்டோமா என்ற ரோஷம். நம் ஊரில் மட்டும் சொல்ல மாட்டார்களா என்ன? கடைசியில் நாலே நாலு பேர் சம்மதித்தார்கள்.

முதலில் அனுப்பிய இலைகள் போணியாகவில்லை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ஒன்றில் பூச்சி அரித்த ஓட்டை. எந்தப் பருவத்துக்கு எந்த இலை, எந்தப் பாத்திரத்துக்கு எந்த அளவு என்பது மலையில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? யோகோயிஷி சொந்தப் பணத்தைச் செலவழித்து ஒவ்வொரு உயர்ந்த ரகச் சாப்பாட்டுக் கடையாகப் போய்ச் சாப்பிட்டு, சமையற்காரர்களை விசாரித்து, இலையை எப்படி வைக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு வந்தார். பிறகு அந்தப் பெண்களையும் அழைத்துப் போய்க் காட்டினார். தன் இலை ஒரு பீங்கான் தட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு பறிக்கிற கை மாறாதா?

தட்டில் அழகுக்கு வைக்கும் இந்த இலை, பூ, கொம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சுமாமோனோ' என்று பேர். 1999-ல் 'இரொதோரி' என்ற கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். வண்ணம் கூட்டுவது என்று அர்த்தமாம். இன்றைக்கு முந்நூறுக்கும் அதிகமான வகை இலைகளும் பூக்களும் இந்த ஊரிலிருந்து போகின்றன. நூற்றைம்பது குடும்பங்கள் அளவில் ஈடுபட்டிருக்கின்றன. நல்ல வருஷங்களில் மொத்த விற்பனை 26 கோடி யென் வரை. நம் கணக்கில் சுமார் 15 கோடி ரூபாய்! எல்லாம் இலை!

எண்பத்துநாலு வயது, நேரமே இல்லை

கம்பெனியில் முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்ததால் ஒரு பாட்டியின் வீட்டுக்கு எங்களைப் போகச் சொன்னார்கள். வயது எண்பத்துநாலு. முதுகு நன்றாக வளைந்திருக்கிறது. தலையில் துண்டு, முழங்கை வரை கையுறை, இடுப்பில் ஒரு கத்தரி. காலை ஏழரைக்கே போய்விட்டோம். பேரனைப் பார்த்ததும் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார். ஆனால் கண் என்னவோ மேஜை மேலிருந்த டேப்லெட்டிலேயே இருந்தது.

"எட்டு மணிக்கு ஆர்டர் வரும். அதுவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க" என்றாராம். என் பெண்தான் மொழிபெயர்த்தாள்.

எட்டு அடித்தது. திரையில் வரிசை வரிசையாக எழுத்துக்கள். இந்த இலை இத்தனை பாக்கெட் வேண்டும் என்று சந்தையிலிருந்து வந்த ஆர்டர்கள். யார் முதலில் விரலை வைக்கிறார்களோ அவர்களுக்கே அந்த ஆர்டர். நம் வீட்டில் ரயில் டிக்கெட் எடுப்பதற்காகப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் காத்துக் கிடப்பார்களே, அதே பரபரப்பு. பாட்டியின் வளைந்த விரல் டக் டக்கென்று இரண்டு இடத்தில் விழுந்தது. மூன்றாவதை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாட்டி நாக்கைச் 'ச்சு' கொட்டினார் பாருங்கள், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை!

ஆரம்பத்தில் இதற்கெல்லாம் ஃபாக்ஸ்தான். புயல், வெள்ளம் வந்தால் எச்சரிக்கை செய்ய ஊராட்சி வைத்திருந்த கம்பியில்லாத் தொடர்பு வழியாகவே வீட்டுக்கு வீடு ஆர்டர் அனுப்பினார்களாம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கிழவிகளுக்குக் கம்ப்யூட்டரா என்று எல்லாருக்கும் சந்தேகம். யோகோயிஷி ஒரு யுக்தி செய்தார். அவரவர் இன்றைக்கு எவ்வளவுக்கு விற்றோம், ஊரில் எத்தனையாவது இடம் என்பது அதில் தெரியும்படி வைத்தார். மற்றவர்கள் பேர் தெரியாது, தன் இடம் மட்டும் தெரியும். அப்புறம் சொல்லவா வேண்டும்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாரும் தாமே கற்றுக்கொண்டார்கள்.

"நீங்க எத்தனையாவது பாட்டி?" என்று என் பெண் கேட்டாள். பாட்டி சிரித்துக்கொண்டு வாயைப் பொத்தினார். சொல்லவே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் தோட்டம். காட்டில் தானாக முளைத்ததைப் பறிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதுவும் உண்டு. ஆனால் முக்கால்வாசியும் இதற்கென்றே நட்டு, கை எட்டும் உயரத்துக்குக் கவாத்து செய்து வளர்த்தவை. மேப்பிள், சீமைப் பனிச்சை இலை, கமீலியா, மூங்கில், பைன். 'நான்தென்' என்று ஒரு செடி. கஷ்டத்தைத் திருப்பி அனுப்புவது என்று அதன் பேருக்கு இன்னொரு பொருள் வருகிறதாம். அதனால் விசேஷ நாட்களில் சிவப்புக் காராமணி போட்டுச் செய்யும் சாதத்தின் மேல் அதன் இலையை வைப்பார்கள். நாம் மாவிலை கட்டுகிறோமே, அந்த மாதிரி ஒரு நம்பிக்கை.

பறித்ததை வீட்டுக்குள் கொண்டுவந்து கழுவி, ஈரம் ஒற்றி, ஒரே அளவாகப் பார்த்துப் பார்த்து பிளாஸ்டிக் தட்டில் அடுக்குகிறார். ஒரு நுனி கருகியிருந்தாலும் தள்ளுபடி. நானும் உட்கார்ந்து பத்து இலை அடுக்கினேன். பாட்டி அதில் நாலை எடுத்து வெளியே போட்டுவிட்டார்! பிற்பகலுக்குள் கூட்டுறவுச் சங்கத்தின் கூடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். அங்கிருந்து லாரியிலும் விமானத்திலுமாக தோக்கியோ, ஒஸாகாச் சந்தைகளுக்குப் போய்விடும். தன் சின்ன வண்டியைப் பாட்டியே ஓட்டிக்கொண்டு போகிறார். அந்த மலைப்பாதையில் என்னை ஓட்டச் சொன்னால் நான் மாட்டேன்.

பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பூக்கூடை கனம்கூட இல்லை. இந்த வேலை வயதானவர்களுக்கு ஏற்றதாக அமைந்ததன் ரகசியம் இதுதான் என்று தோன்றியது. கனமில்லை. அவசரப்பட்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் எந்தச் செடி எப்போது தளிர்க்கும், எந்தப் பக்கத்து வெயிலில் நிறம் நன்றாக ஏறும் என்ற ஐம்பது வருஷத்து அறிவு வேண்டும். அது இருபது வயதுக்காரியிடம் கிடையாது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையா பாட்டி?"

"முட்டி வலிக்கும். முதுகு வலிக்கும். காலையிலே ஆர்டர் வந்துட்டா வலியைப் பத்தி நினைக்க நேரம் இல்லே."

"சம்பாதிக்கிற பணத்தை என்ன பண்றீங்க?"

இதற்குப் பாட்டி கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னதை என் பெண் மெதுவாகத் தமிழில் சொன்னாள். "கல்யாணம் ஆகி வந்து முப்பது வருஷம் நான் காசைத் தொட்டதே இல்லே. உப்பு வாங்கணும்னாலும் மாமனாரைக் கேட்கணும். முதல்லே இலைக்குப் பணம் வந்தப்போ என் பேரிலே பாஸ் புஸ்தகம் போட்டாங்க. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். இப்போ பேரன் பேத்திக்கு நான்தான் படிக்கப் பணம் கொடுத்தேன்."

அந்தப் பேரன் பேத்தி எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டோம். ஒருவர் தோக்கியோவில், ஒருவர் ஒஸாகாவில்.

நீராகாரம் போல ஒரு தேநீர்

எங்களுக்குப் பாட்டி கொடுத்த தேநீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பிரயாணக் கதை பூர்த்தியாகாது. ஆவா பன்ச்சா என்று பேர். ஜப்பான் தேநீர் பச்சையாக, கசப்பாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இது தங்க நிறம், குடித்தால் லேசான புளிப்பு. எங்கேயோ குடித்த மாதிரி இருக்கிறதே என்று இரண்டாவது வாய் குடித்தபோது பிடிபட்டது. நம் பழைய சாதத்து நீராகாரத்தின் வாசனை!

செய்முறையைக் கேட்டதும் காரணம் புரிந்தது. மற்ற இடங்களில் கொழுந்தைப் பறிப்பார்கள். இங்கே ஆடி மாதம் போல வெயில் உச்சத்துக்கு வரும்வரை இலையை முற்ற விட்டு, கொம்போடு உருவி எடுக்கிறார்கள். அதைக் கொதிநீரில் வேக வைத்துக் கசக்கி, மரப்பீப்பாயில் நெருக்கி அடைத்து, மேலே கல்லை வைத்து இரண்டு மூன்று வாரம் மூடி விடுகிறார்கள். நாம் ஊறுகாய் ஜாடியைக் கட்டி வைப்பது போலத்தான். உள்ளே காற்றில்லாமல் புளிக்கும். தயிரிலும் நீராகாரத்திலும் இருக்கும் அதே லாக்டிக் அமிலம்தான் இதிலும். பிறகு பாயில் விரித்து வெயிலில் காய வைக்கிறார்கள். காஃபீன் குறைவு என்பதால் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும்கூடக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ருசி. 2021-ல் ஜப்பான் அரசாங்கம் இந்தச் செய்முறையை நாட்டின் முக்கியமான நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்துக்களில் ஒன்றாக அறிவித்தது. என் பேரனுக்குப் பாட்டி ஒரு ஸ்பூன் ஊட்டிவிட்டார். முகத்தைச் சுளித்தான், இன்னொரு ஸ்பூனுக்கும் வாயைத் திறந்தான்.

குப்பை வண்டி வராத ஊர்

ராத்திரி தங்கிய இடம் ஒரு குப்பை நிலையம்! பயப்படாதீர்கள். அதை ஒட்டிக் கட்டிய சின்ன ஹோட்டல். காமிகாட்சுவுக்கு இலையால் வந்த பேரைவிடக் குப்பையால் வந்த பேர் வெளிநாடுகளில் அதிகம்.

முன்பு எல்லாரையும் போல இவர்களும் குப்பையைத் திறந்த வெளியில் எரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு சின்ன எரிஉலைகள் கட்டினார்கள். அதற்குள் டயாக்ஸின் என்ற விஷம் புகையில் வருகிறது என்று 1999-ல் சட்டம் கடுமையாயிற்று. கட்டிய உலைகளையும் மூட வேண்டியதாயிற்று. புதுசாகப் பெரிய உலை கட்ட இந்தச் சின்ன ஊருக்கு ஏது பணம்? எரிக்க வழியில்லையென்றால் பிரிப்பதுதான் வழி. 2003-ல், குப்பையே இல்லாத ஊராக்குவோம் என்று ஜப்பானிலேயே முதலாவதாகப் பிரகடனம் செய்தார்கள். இன்று நாற்பதுக்கும் அதிகமான வகைகளாகப் பிரிக்கிறார்கள்.

குப்பை வண்டி கிடையாது. சமையலறைக் கழிவை அவரவர் வீட்டிலேயே உரமாக்கிவிட வேண்டும். அதற்கான தொட்டியும் மின்சாரப் பெட்டியும் வாங்க ஊராட்சி பண உதவி செய்தது. மற்றதைக் கழுவிக் காய வைத்து, தாங்களே வண்டியில் கொண்டுவந்து பெட்டி பெட்டியாகப் போடுகிறார்கள். வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள் வீட்டுக்கு மட்டும் ஊராட்சி ஆள் வருகிறார். ஒவ்வொரு பெட்டியின் மேலும், இது எங்கே போகிறது, என்னவாக ஆகிறது, இதனால் ஊருக்கு வரவா செலவா, எத்தனை யென் என்று எழுதியிருக்கிறது. நான் ரொம்ப நேரம் நின்று படிக்கச் சொல்லிக் கேட்டேன். பால் அட்டைப் பெட்டி வரவு, சிலது தண்டச் செலவு. வீட்டுக் கணக்கு நோட்டைச் சுவரில் மாட்டியது போல இருந்தது.

பக்கத்திலேயே ஒரு கடை. வேண்டாத சாமான்களை ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும், என்னைப் போல வெளியூர்க்காரர்கள்கூட, இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை எடை என்று மட்டும் எழுதி வைக்க வேண்டும். நான் ஒரு நீலப் பூப்போட்ட கிண்ணம் எடுத்துக்கொண்டேன். ஹோட்டலில் சோப்பைக்கூட, உங்களுக்கு வேண்டிய அளவு நீங்களே நறுக்கிக்கொள்ளுங்கள் என்று கத்தி கொடுக்கிறார்கள். நான் நறுக்கியது அதிகமாகிவிட்டது. மிச்சத்தை ஊருக்கே கொண்டுவந்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். 2020-க்குள் எரிப்பதும் புதைப்பதும் அறவே இருக்காது என்பது அவர்கள் வைத்த லட்சியம். அது முழுசாக நிறைவேறவில்லை. நூற்றுக்கு எண்பது பங்கு மறு உபயோகத்துக்குப் போகிறது. ஜப்பான் முழுவதற்கும் எடுத்தால் இருபது பங்கு அளவுதான். எனவே இது பெரிய காரியம்தான். மீதி இருபது என்னவென்றால் ரப்பர், தோல், சில தினுசு பிளாஸ்டிக். அப்புறம், குழந்தைக்குக் கட்டும் டயாப்பரும் நாம் உபயோகிக்கும் நாப்கினும்! என் பெண் அன்று ராத்திரி பேரனின் மூன்று டயாப்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு, எரிக்கிறவை போடும் பெட்டியைத் தேடிக்கொண்டு நின்றாள். "நாளைக்குப் போடறதுக்குப் பழைய வேஷ்டித் துணி இருக்கா அம்மா?" என்று கேட்டாள். ஜப்பானில் வேஷ்டிக்கு நான் எங்கே போவேன்?

மறுநாள் புறப்படும் வழியில் கஷிஹாரா என்ற இடத்தில் படிக்கட்டு வயல்களைப் பார்த்தோம். அறுவடை முடிந்து அடிக்கட்டை மட்டும் நின்றது. மிக அழகு. ஆனால் சில படிகளில் புல் மண்டிக் கிடந்தது. அந்த வயலுக்கு உரியவர் காலமாகியிருப்பார், அல்லது ஏற முடியாமல் போயிருக்கும் என்றார் மாப்பிள்ளை. இலை வியாபாரம் இந்த ஊரை எழுந்து உட்கார வைத்தது உண்மை. ஆனால் ஆள் குறைவதை அது நிறுத்திவிடவில்லை. வெளியூர் இளைஞர்கள் சில நாள் வந்து தங்கி வேலை பழக ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அதில் சிலர் இங்கேயே குடும்பத்தோடு நிலைத்தும் விட்டார்கள். பாட்டியின் சொந்தப் பேரன் வரவில்லை. "அவன் வரமாட்டான். பக்கத்து வீட்டுக்கு ஒரு தோக்கியோப் பெண் வந்திருக்கா. அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன். ஆனா ஆர்டர் வரும்போது அவ என்னைவிடச் சீக்கிரம் தட்டிடறா!" என்று பாட்டி குறைப்பட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது.

டிசம்பரில் திருச்சி வந்து சேர்ந்தேன். மாமியாருக்கு ஆவா பன்ச்சா போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கு விமானம் ஏறணுமா? ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வெச்சா போச்சு" என்றார். ஃபோட்டோக்களைக் காட்டினேன். பாலமும் மலையும் அவருக்கு ரசிக்கவில்லை. இலை அடுக்கும் படத்தில் நின்றுவிட்டார். ஒரு தட்டுக்கு எத்தனை இலை, எவ்வளவு கொடுப்பார்கள், ஓட்டை விழுந்ததை என்ன செய்வார்கள் என்று ஆயிரம் கேள்வி.

"அந்த அம்மாவுக்கு என்ன வயசுன்னே?"

"எண்பத்துநாலு."

"மருமக இல்லியா அந்த வீட்ல?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. 'இல்லை' என்றேன். நிஜத்தில் நான் அதை விசாரிக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, கொல்லையில் வெட்டிய முருங்கைக் கொம்புகளைக் கொண்டுவந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, முறத்தை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். முக்கால் மணி நேரத்தில் கீரை வந்தது. நான் ஆய்ந்தால் பழுப்பும் காம்பும் கலந்துதான் இருக்கும். இது சுத்தம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரம்மாளுக்கும் சேர்த்து ஆய்ந்து வைத்திருந்தார். சாயங்காலம் கை விரல் வலிக்கிறதென்று தைலம் தேய்க்கச் சொன்னார். "ஏன்மா இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கறீங்க?" என்று பழைய பாட்டையே நான் எடுத்தேன்.

"தேய்க்கிறதைத் தேய். நாளைக்கு மணத்தக்காளி பறிக்கணும், பெரிய கிண்ணமா ஒண்ணு எடுத்து வை" என்றார்.

ஜப்பானிலிருந்து கொண்டுவந்த நீலக் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். சின்னது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.